சேலம் எட்டு வழிச்சாலை, ஜிஎஸ்டி ரோடு, கூவம் தூண்: நேர்ல பட்டதை மட்டும் எழுதுங்க

கிணத்துமேட்டான்

சென்னை - சேலம் எட்டு வழிச்சாலைன்னா 277 கிலோமீட்டர், 10,000 கோடி, அஞ்சு மாவட்டம், இதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். அதை விட்டுருங்க. எனக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டையை விட்டுப் போக மாட்டேங்குது.

2018 ஆனி மாசம். அந்த ரோட்டுக்கு நிலம் அளந்து கல்லு நட வந்தாங்க. எங்க ஊரு மஞ்சவாடிக் கணவாய்க்கு இந்தப் பக்கம், சேலம் பக்கம். போலீஸ் முன்னாடி, அளவை ஆளுங்க பின்னாடி. அப்பா ஒரு வார்த்தை பேசலை. களத்துல முதுகைக் காட்டி உட்கார்ந்துட்டாரு. பக்கத்துக் காட்டுல அழுகை, சத்தம். எங்க காட்டுல சத்தமே இல்லை.

கையில தாள் வெச்சிருந்த பையன், என் வயசுதான் இருக்கும், கிணத்தை எட்டிப் பார்த்துட்டு "ஆழம் எவ்வளவுங்க"ன்னான். நாங்க யாரும் வாயைத் திறக்கலை. அப்பாயி கோலை ஊணிக்கிட்டு வந்துருச்சு. "அறுவது அடி சாமி. மேல மண்ணு, கீழ பூராப் பாறை. எங்க ஊட்டுக்காரரு வெடி வெச்சுத் தோண்டுனது. எழுதிக்கோ. வடக்கு மூலையில ஊத்து இருக்குது, மாசியிலகூட நிக்காது. அதையும் எழுதிக்கோ."

ஏதோ அந்தக் கிணத்துக்குப் பட்டயம் குடுக்க வந்திருக்காங்கங்கற மாதிரி ஒரு பெருமை அது முகத்துல. நான் தடுக்கப் போனேன், அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பையன் தாளைப் புரட்டிப் பார்த்துட்டு, "ஊத்துக்கு இதுல கட்டம் இல்லைங்க ஆயா"ன்னான். அப்புறம் என்ன நினைச்சானோ, ஓரத்துல என்னமோ எழுதுனான்.

ஊத்துன்னுதான் எழுதுனானா, இல்லை சும்மா கையை ஆட்டுனானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்பாயி போய்ச் சேர்ந்துருச்சு.

பத்துசக்கரம்

தம்பி, உங்க கிணறு சரி. நான் இந்தப் பக்கத்துக் கதையைச் சொல்றேன்.

சேலம் - உளுந்தூர்பேட்டை ரோட்டுல ராத்திரி வண்டி ஓட்டுனவனுக்குத் தெரியும். நாலு வழின்னு பேரு, நாலு வழின்னு வசூல். வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சின்னு ஊர் வர்ற இடமெல்லாம் பைபாஸை மட்டும் ரெண்டு வழியாப் போட்டாங்க. நாலு வழியில எம்பது, தொண்ணூறுல வர்ற கார்க்காரன் அதே மிதியில பைபாஸுக்குள்ள வந்து ஏறுவான். நடுவுல சுவர் முடிஞ்சு போச்சுன்னு அவன் மூளைக்கு எட்டறதுக்குள்ள எதிர்ல லைட்டு.

ஆத்தூர் தாண்டி ஒரு தடவை, விடியக்காலம். தக்காளி ஏத்துன சின்ன யானை வண்டி ஒண்ணு ரோட்டை விட்டு இறங்கிக் கவுந்து கிடக்குது. ரோடு முழுக்கத் தக்காளி. ஓட்டுன பையனுக்குப் பெருசா அடி இல்லை, நெத்தியில மட்டும் ரத்தம். ரோட்டோரம் குத்துக்கால் போட்டுக்கிட்டு "இப்பதான டிவைடர் இருந்துச்சு, இப்பதான டிவைடர் இருந்துச்சு"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கான். தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு மறுபடியும் அதையே சொல்றான்.

அன்னிக்குச் சொன்னேன், எட்டு வழி வந்தாத் தேவலாம்னு. இன்னிக்கும் அதையேதான் சொல்வேன். வயல் போகுதுன்னு எழுதறீங்க, ஆள் போறதை யாரு எழுதறது?

வீரபாண்டிப் பெரியசாமி

பத்துசக்கரம் அண்ணனுக்கு ஒரு சலாம். அந்த ரோடு வந்திருந்தா சேலம் இந்நேரம் எங்கயோ இருந்திருக்கும். அவ்வளவுதான்.

கிணத்துமேட்டான்

பெரியசாமி அண்ணே, எங்கயோன்னா எங்க? சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோம்.

பத்துசக்கரம் அண்ணே, நீங்க சொன்ன கதைக்கு மருந்து ஆத்தூர் பைபாஸ்ல இன்னும் ரெண்டு வழி. எங்க காட்டுல எட்டு வழி இல்லை. அந்தப் பையன் "எட்டு வழி இருந்துச்சே"ன்னா அழுதான்? டிவைடரைத்தானே கேட்டான்?

எலெக்ட்ரிக் டிரெய்ன் உமா

சண்டை போடாதீங்கப்பா. சேலத்துலருந்து எத்தனை வழியில வந்தாலும் கடைசியில வண்டலூர்லதான் வந்து நிக்கணும். அங்க நடந்ததைச் சொல்றேன்.

தீபாவளி முடிஞ்சு ஊர்லருந்து திரும்பற ஞாயிறு. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறக்கறதுக்கு முன்னாடி, கோயம்பேடு வரைக்கும் பஸ் போன காலம். திண்டிவனம் வரைக்கும் பறந்து வந்த வண்டி செங்கல்பட்டு தாண்டினதும் நடக்க ஆரம்பிச்சுது, மறைமலை நகர்ல நின்னே போச்சு. டிரைவர் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இறங்கி, எதிர்க்கடையில டீ சொல்லி, அதை ஆத்தி, நிதானமாக் குடிச்சிட்டு வந்து ஏறினாரு. முன்னாடி இருந்த வண்டி ஒரு அடி நகரலை.

அப்பதான் கண்டக்டர் எழுந்து நின்னாரு. பெரிய மனுஷர், கண்ணாடியெல்லாம் போட்டு. "தாம்பரம், கிண்டி, எழும்பூர் போறவங்க இங்கயே இறங்கிக்கங்க. ஸ்டேஷன் கிட்டத்தான். டிரெய்ன்ல போனா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிடலாம். இதுல உட்கார்ந்தீங்கன்னா எனக்கே கேரண்டி இல்லை"ன்னாரு.

தன் வண்டியில டிக்கெட் எடுத்தவங்களைப் பார்த்து ஒரு கண்டக்டர் ரயிலுக்குப் போங்கன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை! பாதி பஸ் காலி. மூட்டை முடிச்சோட நாங்க எல்லாரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரயில் ஏறி ஜன்னல் வழியாப் பார்த்தா, நாங்க வந்த ஜிஎஸ்டி ரோடு முழுக்கச் சிவப்பு லைட்டு.

இப்போ கிளாம்பாக்கத்தோட பஸ் நின்னுடுது, 2023 டிசம்பர்ல திறந்தாங்க. நல்லதுதான். ஆனா ஒரு பஸ் ஸ்டாண்டைத் திறக்கும்போதே அதுக்கு ஒரு ரயில் நிலையமும் சேர்த்துத் திறக்கணும்னு யாருக்கும் தோணலையே. லைன் பக்கத்துலயேதான ஓடுது!

ஓய்வு_பொறியாளர்

நெடுஞ்சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அனுபவம் சின்னது. வேறொரு சாலைக்காக நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில், நெரிசல் குறையும் என்று நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "எங்க ஊர்ல நெரிசலே இல்லீங்களே ஐயா, யாரோட நெரிசலுக்கு எங்க கொல்லையைக் கேக்கறீங்க?" என்றார். கூட்டம் சிரித்தது. நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

இனி நண்பர்கள் கவனிக்க வேண்டியவை. சாலையை அகலமாக்கினால் நெரிசல் தீரும் என்பது பாதி உண்மை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தின் கேட்டி பிரீவேயைப் பல நூறு கோடி டாலர் கொட்டி 2008-ல் விரிவாக்கி முடித்தார்கள். பக்கவாட்டுச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். சில வருடங்களிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது. இடம் கிடைத்ததும் முன்பு கிளம்பாதவர்களும் கிளம்புவார்கள், தூரத்தில் மனை வாங்குவார்கள். நம் ஊரில் புறவழிச்சாலை போட்ட பத்தாம் வருடம் அதன் இரு பக்கமும் கல்யாண மண்டபம் வந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். இதற்கு எதிர்மாறு தென்கொரியாவின் சோல். சியோங்கியேசியோன் ஓடையை மூடி நின்ற மேம்பாலச் சாலையை இடித்து, 2005-ல் ஓடையைத் திறந்து விட்டார்கள். கூடவே பேருந்துகளுக்குத் தனித்தடமும் கொடுத்தார்கள். நகரம் நின்றுபோய்விடவில்லை.

ஆகவே முதலில் இருக்கும் சாலையின் குறுகிய கழுத்துகளைச் சரிசெய்ய வேண்டும். பத்துசக்கரம் சொன்ன பைபாஸ்கள் அந்த வகை. அவற்றை நாலு வழியாக்கும் வேலையைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். அடுத்து ரயில். சேலம் - விருத்தாசலம் பாதை 2007-ல் அகலப்பாதை ஆனது, ஆனால் ஒற்றைப் பாதை. இரட்டையாக்கினால் எழும்பூருக்கு இன்னும் வண்டிகள் விடலாம். எட்டு வழிச்சாலையில் மூன்று மணி நேரத்தில் போகலாம் என்றார்கள். 2023-ல் வந்த கோவை வந்தே பாரத், சென்ட்ரலில் இருந்து சேலத்துக்குச் சுமார் மூன்றரை மணி நேரத்தில் போகிறது. அதற்காக யாருடைய கிணற்றையும் மூடவில்லை.

நிலம் உள்ளவர்களுக்கு: தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ அறிவிக்கை, அதாவது நிலம் எடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு, வந்தால் 21 நாட்களுக்குள் 3சி பிரிவின் கீழ் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. மரம், கிணறு, குழாய், தொழுவம் என ஒன்று விடாமல் பட்டியல் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். கூட்டுப் பட்டா என்றால் முன்கூட்டியே உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். சந்தை மதிப்புக்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை உண்டு என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கிணத்துமேட்டான்

ஐயா, நான் ஆலோசனை கேக்கலைங்க. அந்தப் பெரியவருக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க, அதைச் சொல்லுங்க.

செங்கம் சாந்தி

ஐயா, ஆறுதல் தொகையைப் பத்தி எழுதினீங்க. நெலத்தை எடுத்துக்கினு துட்டு குடுத்தாகூட ஒரு கணக்கு. எடுக்காமலும் விடாமலும் வெச்சிருந்தாங்களே, அதுக்கு எந்தப் பிரிவு?

எங்களுக்குச் செங்கம் பக்கம் ரெண்டு ஏக்கர். தங்கச்சி கல்யாணத்துக்கு நகைக்கடன் பத்தலைன்னு நிலத்து மேல கடன் கேக்கப் போனோம். கடன் குடுக்கற எடத்துல இருந்தவர் மேசைக்குள்ளருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தாரு. எட்டு வழிச்சாலைக்கு எடுக்கப்போற நெலத்தோட அரசிதழ் நகல். விரலை எச்சிலால தொட்டுப் பொரட்டி, எங்க சர்வே நம்பர்கிட்ட நிறுத்தி, தாளை என் பக்கம் திருப்பினாரு. அந்த வரிக்குக் கீழ ஸ்கேல் வெச்சு சிவப்புல கோடு போட்டிருந்தாங்க. எங்களுக்கு முன்னாடியே யாரோ எங்க நிலத்தைத் தேடிப் பார்த்து, கோடு போட்டு, தயாரா வெச்சிருக்காங்க. அவர் ஒண்ணும் சொல்லலை. அந்தக் கோட்டைக் காட்டினதோட சரி.

2019 ஏப்ரல்ல அந்த நெலம் எடுக்கறதை ஐகோர்ட்டு ரத்து பண்ணிச்சுன்னு ஊரே பட்டாசு வெடிச்சுது. நான் மறுபடி போனேன். அதே தாளு, அதே கோடு. "மேல் முறையீடு இருக்கும்மா"ன்னாரு. அவர் சொன்னதும் தப்பில்லை. கடைசியில வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணம் முடிஞ்சுது.

வீரபாண்டிப் பெரியசாமி

கோர்ட் ரத்து பண்ணிடுச்சு ரத்து பண்ணிடுச்சுன்னு அதையே சொல்றீங்க. 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் 3ஏ அறிவிக்கை செல்லும்னு சொன்னதை ஏன் யாரும் எழுத மாட்டேங்கறீங்க?

செங்கம் சாந்தி

அண்ணே, அதனாலதான அந்தக் கோடு அழியலைன்னு எழுதிக்கினு இருக்கேன். படிச்சிட்டுப் பேசுங்க.

சிந்தாதிரிப்பேட்டை பாஷா

நம்ம கதை நிலம் இல்லாத கதை. கூவத்துல நிக்குதே தூணு, துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைன்னு. 2009-ல அடிக்கல். 2012-ல ஆத்து ஓட்டத்தை மறிக்குதுன்னு நிறுத்திட்டாங்க. 2022-ல ரெண்டடுக்கா மாத்தி மறுபடி அடிக்கல்.

என் ஆட்டோவுல ஒரு வெளியூர் அம்மா, கூட அவங்க பையன். அந்தப் பையன் தூணையெல்லாம் பார்த்துட்டு, "அங்கிள், மேல இருந்த பாலம் எப்போ இடிஞ்சு விழுந்துச்சு?"ன்னான். பழசு இல்ல தம்பி, இனிமேதான் கட்டணும்னேன். அவன் நம்பலை. அம்மாகிட்ட போய் "அங்கிள் பொய் சொல்றாரு"ங்கறான். அந்தம்மா சிரிச்சிக்கிட்டே என்னைப் பார்க்கறாங்க, நான் என்னத்தச் சொல்ல? அதுக்குள்ள பின்னால கன்டெய்னர்காரன் ஹாரன் அடிக்கறான். அந்த மொத்தப் பாலமும் அவனுக்காகத்தான். அவனும் என் பின்னாடியேதான் நிக்கறான்.

பத்துசக்கரம்

பாஷா பாய், அந்தக் கன்டெய்னர்காரன் நானாக்கூட இருப்பேன், துறைமுக லோடும் அடிச்சிருக்கேன். கேட்ல வரிசையில நின்னு ரெண்டு வேளை சமைச்சுத் தின்ன நாளும் உண்டு.

கிணத்துமேட்டான் தம்பி கேட்டதுக்கு: ஆமா, அவன் டிவைடரைத்தான் கேட்டான். அது நியாயம்தான். பைபாஸை அப்பவே நாலு வழியாப் போட்டிருந்தா நான் எட்டு வழியை ஏன் கேக்கப் போறேன்? ஆனா பொறியாளர் ஐயா, ரயில் ரயில்னு சொல்றீங்க. ஆளுங்க போவாங்க. ஆத்தூர் மரவள்ளிக் கிழங்கை வந்தே பாரத்துல ஏத்துவீங்களா?

ஓய்வு_பொறியாளர்

சரக்கு ரயில் என்று ஒன்று உண்டு, நண்பரே.

பத்துசக்கரம்

உண்டுங்க. ஆனா காட்டுலருந்து ஸ்டேஷனுக்கு ஒரு லோடு, ஸ்டேஷன்லருந்து மில்லுக்கு ஒரு லோடு, ரெண்டு பக்கமும் ஏத்துக்கூலி, இறக்குக்கூலி. யாவாரி என்னைத்தான் கூப்பிடுவான். அந்தக் கூலியை யாரு குடுக்கறதுன்னு சொல்லுங்க, நாளைக்கே வண்டியை வித்துட்டு வர்றேன். அதுக்கு முன்னாடி அந்தப் பெரியவருக்கு என்ன சொன்னீங்கன்னு தம்பி கேட்டாரே, இன்னும் நீங்க சொல்லலை.