வலி நின்றதால் பல் சரியாகிவிட்டது என்று நினைத்தேன் – பேஸ்ட்டை நம்பிய அனுபவங்கள்

தூறல்

கீழ்க் கடைவாய்ப் பல், இடது பக்கம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று இழுக்கும். கூச்சத்துக்கான பேஸ்ட் வாங்கித் தேய்த்தேன், மூன்று வாரத்தில் குறைந்தது. எட்டு மாதம் அதையே தொடர்ந்தேன். நடுவில் இரண்டு இரவுகள் உயிர் போகிற வலி. சூடாக எதையாவது குடித்தால் வலி நெடுநேரம் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் வலியே இல்லை. பேஸ்ட் வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

அப்புறம் அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தது. பல் டாக்டர் குளிரூட்டிய பஞ்சை எடுத்து ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்தார். பக்கத்துப் பல்லில் வைத்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அடுத்து அந்தப் பல். நான் காத்துக்கொண்டே இருந்தேன். "வைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டேன். "வைத்துப் பத்து விநாடி ஆகிறது" என்றார்.

அந்தப் பத்து விநாடிதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நரம்பு செத்துப்போயிருந்தது. அந்தக் காலையில் வலி நின்றதற்குக் காரணம் அதுதான். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. பேஸ்ட்டில் இருக்கும் பொட்டாசியம் நைட்ரேட் நரம்பை அமைதிப்படுத்துமாம். கூச்சம் தேய்மானத்தால் வந்ததா, சொத்தையால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. எனக்கு வந்தது இரண்டு பற்களுக்கு நடுவே இருந்த சொத்தையால். கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இடம்.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஆற்றுமணல்

எனக்கு ஈறில் நடந்தது. தேய்க்கும்போதெல்லாம் நுரை இளஞ்சிவப்பாக வரும். ஈறு பாதுகாப்பு என்று போட்டிருந்த பேஸ்ட்டுக்கு மாறினேன். ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் பிரஷை நகர்த்திக்கொண்டு போனேன். நான் செய்த பெரிய தவறு அதுதான், ஏனென்றால் அழுக்கு தங்கிய இடமே அதுதான்.

பல் டாக்டரிடம் போனபோது, கீழ் முன்பற்களின் உட்பக்கத்தைச் சுரண்டும்போது சிப்பி மாதிரி ஒரு தகடு பெயர்ந்து நாக்கில் விழுந்தது. காரை. எடுத்துக் கையில் தந்தார்கள். நாக்கு தானாகவே அந்த இடத்துக்குப் போனது. அங்கே பல் இருந்தது! இத்தனை வருடம் நாக்குக்குப் பழகிய அந்தச் சுவர் என் பல்லே இல்லை. அந்த உணர்வை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பல்லில் படியும் மெல்லிய அழுக்குப் படலத்தைப் பிரஷ் எடுத்துவிடும். விட்டு வைத்தால் எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து சில நாட்களிலேயே கல்லாக ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு எந்த பேஸ்ட்டாலும் அதை எடுக்க முடியாது. 'காரைக் கட்டுப்பாடு' என்று அட்டையில் இருப்பதற்கு, புதிதாகப் படிவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் என்றுதான் பொருள். எனக்கு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பள்ளம் சில இடங்களில் 6 மில்லிமீட்டர் இருந்தது. 3 வரை இருந்தால் பரவாயில்லையாம். அந்த ஆழத்துக்குள் பேஸ்ட்டும் போகாது, பிரஷும் எட்டாது.

கல்தூண்

தூறல், ஆற்றுமணல், உங்கள் இருவர் வருத்தமும் புரிகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு "பேஸ்ட்டால் ஒரு பயனும் இல்லை" என்று யாராவது முடிவு கட்டினால் அது இதைவிட மோசம். நான் அப்படி முடிவு கட்டியவன். இரண்டு வருடம் ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட். ரசாயனம் வேண்டாம் என்ற எண்ணம். அதற்கு முன் எனக்குச் சொத்தையே கிடையாது, அந்த இரண்டு வருடத்தில் நான்கு பற்கள்.

மறுபக்கத்தை என் தங்கையிடம் பார்த்தேன். பல் கம்பி கழற்றிய அன்று அவள் கண்ணாடி பார்த்து அழுதுவிட்டாள். ஒவ்வொரு முன்பல்லிலும் கம்பி ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் தழும்பு. சொத்தையின் தொடக்கம். டாக்டர் கருவியையே தொடவில்லை. இன்னும் ஓட்டை விழவில்லை, பல்லின் மேல் உறையான எனாமல் தாது இழந்து பலவீனமாகத்தான் இருக்கிறது, திரும்பக் கெட்டிப்படும் என்றார். 1450 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1450 பங்கு) ஃப்ளோரைடு பேஸ்ட், காலையும் இரவும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பளபளப்பு வந்திருந்தது. தழும்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் ஒரு பல்லைக்கூடக் குடையவில்லை.

ஆக ஓட்டை விழும் முன் பேஸ்ட்டுக்குச் சக்தி உண்டு. வாயில் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும் (அந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). ஃப்ளோரைடு சேர்ந்து திரும்பக் கட்டிய பரப்பு அதைவிடக் கடுமையான அமிலத்தையும் தாங்கும். ஓட்டை விழுந்துவிட்டால் அடைப்பதற்கு எந்த பேஸ்ட்டும் இல்லை. தூறல், உங்கள் பல்லைக் கெடுத்தது அந்த பேஸ்ட் இல்லை. எட்டு மாதம் யாரிடமும் காட்டாமல் இருந்தது.

தூறல்

கல்தூண் அண்ணா, பேஸ்ட்தான் கெடுத்தது என்று நான் எழுதவில்லை. தேதி பார்த்துக் காட்டியிருக்க வேண்டியது நான்தான், அது எனக்குத் தெரியும். கூச்சம் குறைந்ததும் இனி காட்ட வேண்டியதில்லை என்று தோன்றிவிடுகிறதே, அந்த நிம்மதியைப் பற்றித்தான் எழுதினேன். வலி இருந்திருந்தால் அடுத்த வாரமே போயிருப்பேன்.

நீலவானம்

என்னுடையது சின்ன விஷயம். முன்பல் ஒன்று சாம்பல் நிறம், சின்ன வயதில் விழுந்து அடிபட்டது. கரித்தூள் பேஸ்ட்டால் தினமும் மூன்று வேளை அழுத்தித் தேய்த்தேன். நிறம் அப்படியேதான் இருந்தது. பக்கத்துப் பற்களில் ஈறோரம் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. வெண்மையாக்கும் பேஸ்ட்டுகள் மேலே படிந்த கறையைத்தான் உரசி எடுக்கும், உள்ளிருந்து வரும் நிறத்தைத் தொடாது என்று அப்புறம்தான் தெரிந்தது.

எல்லோருக்கும் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். தேய்த்து முடித்ததும் நிறைய தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். நுரையைத் துப்பினால் போதும், ஃப்ளோரைடு பல்லில் தங்க வேண்டும். இரவில் தேய்ப்பதை விடவே கூடாது. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும், அப்போது பாதுகாப்பும் குறைவு. இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும், மென்மையான பிரஷ் போதும். புளிப்பானது குடித்திருந்தாலோ வாந்தி எடுத்திருந்தாலோ உடனே தேய்க்காதீர்கள், தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது விடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போலப் பிரஷ் முழுக்க வைக்கவே வேண்டாம். அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பேஸ்ட்டை முயன்று பாருங்கள், சிலருக்குக் குறைகிறது. பல் இடுக்குக்கு எல்லோரும் நூல் பயன்படுத்துங்கள். அரைகுறையாகச் செய்துவிட்டு பேஸ்ட்டை மாற்றி மாற்றிப் பயனில்லை.

ஆற்றுமணல்

நீலவானம், நூல் எல்லோருக்கும் பொருந்தாது. ஈறு இறங்கி இடைவெளி பெரிதாகிவிட்ட எனக்கு இடுக்குப் பிரஷ்தான் கொடுத்தார்கள், அதிலும் இரண்டு அளவு. நூலை வைத்து ஒரு வருடம் வீணாக்கியவன் சொல்கிறேன், அளவைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

விடியல்

இதுவரை யாரும் எச்சிலைப் பற்றிச் சொல்லவில்லை, நீலவானம் ஒரு வரி தொட்டதைத் தவிர. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு வாய் நாற்றம். அவருக்கு அதில் அவ்வளவு கூச்சம், பேசும்போது கையால் மறைத்துக்கொள்வார். மூன்று வேளை பல் தேய்ப்பார், காரம் அதிகமான புதினா பேஸ்ட்டாகத் தேடி வாங்குவார். அரை மணி நேரம் மணக்கும், அவ்வளவுதான். ஒரு வருடத்துக்குள் ஈறோரமாக வரிசையாகச் சொத்தை. இவ்வளவு தேய்க்கிற மனிதருக்கு எப்படி?

டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுக் கன்னத்தை ஒதுக்கினார். வெளியே எடுக்கும்போது கண்ணாடி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மெல்லப் பிரித்தெடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரமே இல்லை. "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒவ்வாமைக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, சிறுநீர்ப் பைக்கு ஒன்று. மூன்றுமே எச்சிலைக் குறைக்கக் கூடியவை. அமிலத்தைக் கழுவவும் எனாமலுக்குத் தாதுவைத் திரும்பத் தரவும் எச்சில்தான் வேண்டும்.

5000 பிபிஎம் ஃப்ளோரைடு பேஸ்ட்டைச் சீட்டில் எழுதித் தந்தார். மாத்திரை எழுதிய டாக்டருக்கும் ஒரு கடிதம் தந்தார். ஒரு மாத்திரை மாறியது. அப்பா இப்போது கையால் வாயை மறைப்பதில்லை.

தூறல்

விடியல், அந்த ஒவ்வாமை மாத்திரை பல வருடமாகச் சாப்பிட்டாரா? என் அம்மாவும் இரவில் தண்ணீர்ச் செம்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். வியாழக்கிழமை எனக்கு வேர் சிகிச்சையின் இரண்டாவது நாள். அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், மாத்திரைப் பையோடு.