சைவ டேஸ்டிங் மெனு: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

மழைக்காகம்:
மக்களே, அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். கல்யாண நாளுக்குப் பெரிய உணவகம் ஒன்றில் மேசை பிடிக்கலாம் என்று பார்க்கிறோம். கணவர் எல்லாம் சாப்பிடுவார். நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது, பால், வெண்ணெய், சீஸ் பரவாயில்லை. அங்கே தனித்தனியாக ஆர்டர் செய்ய முடியாது, எட்டு கோர்ஸ் டேஸ்டிங் மெனு மட்டும்தான் (அவர்களே முடிவு செய்து ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டு வரும் எட்டுத் தட்டுகள்), சைவமோ அசைவமோ ஆளுக்கு ஒரே விலை. அசைவ மெனுவை இணையதளத்தில் வரிவரியாகப் போட்டிருக்கிறார்கள், சைவத்துக்கு மட்டும் "முன்கூட்டியே சொன்னால் செய்து தருவோம்" என்று ஒற்றை வரி. காய்கறிக்கு ஏன் இறைச்சி விலை? அப்படியே கொடுத்தாலும் நானும் ரசித்துச் சாப்பிட முடியுமா, இல்லை அவர் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்துவிட்டு வர வேண்டியதுதானா? அவர்கள் சைவம் என்று சொன்னால் நம்பி உட்காரலாமா?

அடுப்படி ஆள்:
விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்குச் சமையலறையில்தான் பிழைப்பு. தட்டில் இருக்கும் பொருளை வைத்துக் கணக்குப் போட்டால் சைவ மெனு பகல் கொள்ளையாகத்தான் தெரியும். ஆனால் அந்த மாதிரி இடங்களில் நீங்கள் கொடுப்பதில் பெரும்பங்கு ஆள் கூலிக்கும் வாடகைக்கும் போகிறது, நீங்கள் உட்காரும் நாற்காலியில் அன்று இரவு வேறு யாரும் உட்காரப் போவதில்லை, அதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

அப்புறம் வேலை. நல்ல இறைச்சித் துண்டு ஒன்று வந்தால் உப்புத் தடவி, இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி, சற்று நேரம் அப்படியே வைத்தால் பாதி முடிந்தது, கொழுப்பும் சாறும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கேரட்டில் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர். மேற்பரப்பில் ஈரம் இருக்கிறவரை அது நூறு டிகிரியைத் தாண்டவே தாண்டாது, அதைத் தாண்டினால்தான் சிவக்கும், சிவந்தால்தான் அந்த வறுத்த மணம் வரும். அதனால் முதலில் மெதுவான சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தி, பிறகு வெண்ணெயில் புரட்டி, கடைசியில் கரி நெருப்பில் காட்டி என்று ஒரு கேரட்டுக்கு மூன்று ஆள் கை படும்.

சாஸ் இன்னும் கஷ்டம். எலும்பைக் கொதிக்க வைத்து எடுக்கும் ஸ்டாக் என்ற சாற்றை வற்ற வைத்தால், எலும்பில் இருந்து இறங்கிய ஜெலட்டின் என்ற பசையே உதட்டில் ஒட்டுகிற மாதிரி கெட்டித்தன்மை கொடுக்கும். காய்கறி ஸ்டாக்கை வற்ற வைத்தால் வெறும் இனிப்புத்தான் மிஞ்சும், விட்டால் கசக்கும். கருகும் வரை வாட்டிய வெங்காயம், உலர்ந்த ஷிடாகே காளான், ஜப்பானில் கொம்பு என்று சொல்லும் கடல்பாசி எல்லாம் அதற்காகத்தான் வருகின்றன. அந்தக் கடல்பாசியில் இருந்துதான் 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கெடா குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதோடு உலர் காளானில் இருக்கும் குவானிலேட் என்ற பொருள் சேர்ந்தால் சுவை வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது. ஆனால் கடல்பாசியைக் கொதிக்க விட்டால் வழவழப்பாகிக் கெட்டுவிடும், பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும். இத்தனையும் செய்கிற இடம் என்றால் ஒரே விலை நியாயம்தான்.

நாலாம் மேசை:
அண்ணா சொல்வது சரி, ஆனால் "இத்தனையும் செய்கிற இடம் என்றால்" என்று கடைசியில் போட்டீர்களே, பிரச்சினையே அதில்தான். பல இடங்களில் சைவ மெனு என்பது அசைவத் தட்டில் இருந்து இறைச்சியை எடுத்துவிட்டு மிச்சத்தை நகர்த்தி வைப்பது. ஐந்தாவது கோர்ஸ் வரும்போது பக்கத்துத் தட்டில் வாத்து, நமக்கு காளான் ரிசோட்டோ, அதாவது குழைவாகச் செய்யும் இத்தாலியச் சோறு. எந்த ஊரில் எந்த உணவகம் என்றாலும் அதே காளான் ரிசோட்டோ, இல்லாவிட்டால் தடியாக வெட்டிய காலிஃபிளவர், அதற்கு இறைச்சித் துண்டு மாதிரி "ஸ்டேக்" என்று பெயர். மெயின் கோர்ஸுக்கு முந்தைய மூன்று தட்டும் மென்மையாக, கிரீமாக இருக்கும், பல்லுக்கு வேலையே இருக்காது. பாதியில் வயிறு நிறைந்துவிடும், மனசு நிறையாது. இதற்கு ஒரே விலை கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

முடியாது என்று சொல்லவில்லை. மிலானில் ஜோயா 1996இலேயே மிஷெலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் வாங்கிய சைவ உணவகம். பாரிஸில் ஆலன் பாசார் 2001இல் தன் ஆர்பேஜ் உணவகத்தில் சிவப்பு இறைச்சியை நிறுத்தினார், அந்த வழிகாட்டியின் உச்சத் தரமான மூன்று நட்சத்திரமும் அப்படியே இருந்தது. 2025இல் தேன் தவிர விலங்குப் பொருள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அவர் கல்லுப்புக்குள் பீட்ரூட்டை முழுசாகப் புதைத்துச் சுட்டுக் கொடுப்பது பேர் போனது. உப்பு ஓட்டை உடைத்தால் உள்ளே கிழங்கு தன் ஈரத்திலேயே வெந்து கிடக்கும். அதில் எதையும் எடுத்துவிட்ட குறை தெரியாது, ஏனென்றால் பீட்ரூட்டில் இருந்துதான் யோசித்திருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நியூயார்க்கின் இலெவன் மாடிசன் பார்க் 2021இல் முழுக்கத் தாவர உணவுக்கு மாறி மூன்று நட்சத்திரத்தையும் தக்க வைத்தது, ஆனாலும் 2025 அக்டோபரில் மீனையும் இறைச்சியையும் விருப்பத் தேர்வாகத் திரும்பக் கொண்டு வந்துவிட்டார்கள். பெரிய குழுக்களின் விருந்துக்கு மேசை நிரப்புவது சிரமமாக இருந்தது, ஒயின் விற்பனையும் அடிபட்டது என்று செஃபே சொன்னார். நட்சத்திரம் இருந்தும் நிலைமை அதுதான்.

மழைக்காகத்துக்கு என் யோசனை: சைவ மெனுவை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அப்படி ஒன்று இல்லை என்று அர்த்தம்.

துருவும் கண்:
மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். "வெஜிடேரியன்" என்று சொன்னதோடு நிறுத்தாதீர்கள், எதெல்லாம் கூடாது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான பெரிய உணவகங்களில் சைவ மெனுவில் முட்டை தாராளமாக இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற முட்டை இல்லை, பாஸ்தா மாவில், பிரியோஷ் ரொட்டியில், கஸ்டர்டில், மெரிங்கில், பேஸ்ட்ரி பளபளக்க மேலே தடவியதில். சீஸ் சாப்பிடுவேன் என்கிறீர்கள், அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியால்தான் பால் உறைய வேண்டும் என்பது அந்தச் சீஸின் விதி, அதில் சைவ வகையே கிடையாது. பெஸ்டோ, ரிசோட்டோ, சூப் மேல் துருவியது என்று எங்கும் அது வரும். இனிப்பில் மூஸ், பன்னா கோட்டா என்றால் விலங்கில் இருந்து வரும் ஜெலட்டினா, கடல்பாசியில் இருந்து வரும் அகார் அகாரா என்று கேளுங்கள். வூஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி மாதிரியான ஆன்சோவி மீன் இருக்கும், ஜப்பானிய பாணி டாஷி என்ற சூப் சாற்றில் பெரும்பாலும் உலர்ந்த சூரை மீன். ஒயின் குடிப்பீர்களென்றால் சில ஒயின்களை மீனின் காற்றுப்பையில் இருந்து வரும் பசையால் தெளிய வைப்பார்கள், அது உங்களுக்கு முக்கியமா என்பது உங்கள் விருப்பம்.

சர்வரிடம் சாப்பிடும்போது கேட்டால் அவர் உள்ளே போய்க் கேட்டு வந்து "பிரச்சினை இல்லை மேடம்" என்பார், அதை வைத்து ஒன்றும் தெரியாது. பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டால் பதில் செஃபிடம் இருந்து வரும்.

மழைக்காகம்:
எல்லோருக்கும் நன்றி. துருவும் கண் சொன்ன பட்டியலை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் வந்திருக்கிறது. முட்டையில்லாமல் ஆறு கோர்ஸ்தான் முடியுமாம், மற்ற இரண்டுக்குப் பதில் சாலடும் பழத்தட்டும், விலை அதேதான். மெயின் கோர்ஸ் என்ன தெரியுமா? காளான் ரிசோட்டோ. சீஸ் மட்டும் மாற்றித் தருவார்களாம்.

நாலாம் மேசை:
ஹா ஹா, நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுப்படி ஆள்:
பட்டியலுக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள், அந்த வரைக்கும் நல்ல இடம்தான். ஆனால் எட்டு கோர்ஸ் விலைக்குச் சாலடும் பழத்தட்டும் என்றால் உங்களுக்காக அங்கே யாரும் அடுப்பைப் பற்ற வைக்கப் போவதில்லை. சைவ மெனுவைத் தனியாகப் பெயர் போட்டு, கோர்ஸ் கோர்ஸாக வெளியிட்டிருக்கும் இடமாகத் தேடுங்கள், உங்கள் கணவரும் அதையே சாப்பிடட்டும், இருவருக்கும் ஒரே தட்டு வந்தால் பேசவும் நன்றாக இருக்கும். மதிய நேர மெனு இருந்தால் அதைப் பாருங்கள், கோர்ஸ் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு, சமைப்பது அதே சமையலறைதான். முட்டை விஷயத்தை மட்டும் குறைந்தது ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், இனிப்புப் பிரிவில் இருக்கிறவர்களுக்குச் செய்து பார்க்க நேரம் வேண்டும்.

மழைக்காகம்:
அவரிடம் கேட்டேன், சைவமே சரி, ஆனால் காளான் ரிசோட்டோ வந்தால் எழுந்து போய்விடுவேன் என்கிறார். வேறு இரண்டு இடத்துக்கு எழுதியிருக்கிறேன், மெனு வந்ததும் இங்கே போடுகிறேன்.