செத்தால் கணக்கு தீர்ந்துவிடுமா?
ஃபேன்டஸி கதைகளில் திருந்தும் ஆட்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன், பாதியில் நிற்கிறது, உதவுங்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் போரோமிர் என்ற வீரன் தன்னோடு பயணம் வரும் ஃப்ரோடோவிடமிருந்து மந்திர மோதிரத்தைப் பறிக்கப் பாய்கிறான், கொஞ்ச நேரத்தில் கூட வந்த மெர்ரியையும் பிப்பினையும் காப்பாற்றப் போராடி அம்பு பட்டுச் சாகிறான், சாகும்முன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். சரி, அவனை மன்னிக்க எனக்குத் தயக்கமில்லை. ஹாரி பாட்டர் கதையில் வரும் ஆசிரியர் ஸ்னேப் விஷயம்தான் இடிக்கிறது. உயிரைப் பணயம் வைத்து உளவு பார்த்தவர்தான், ஆனால் நெவில் என்ற பையன் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயப்படுவது இந்த வாத்தியாருக்குத்தான் என்று போகார்ட் (எதிரில் நிற்பவர் மிகவும் பயப்படும் உருவத்தை எடுக்கும் மாயப் பிராணி) காட்டிக்கொடுக்கிறதே, அதற்கு அவர் வருந்தியதாக எங்கும் இல்லை. (ஹாரியின் அம்மா மேல் அவருக்கிருந்த காதலைச் சொல்லி அதைக் கழுவிவிடாதீர்கள்.) சாகடித்துவிட்டால் எழுத்தாளருக்கு வசதி, அப்புறம் திருந்தி வாழ்ந்து காட்ட வேண்டியதில்லை. தவறு செய்தவன் சாகாமல், தான் கெடுத்தவர்கள் முகத்திலேயே தினமும் விழித்து ஈடுகட்டும் நாவல் ஏதாவது தெரியுமா? தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. முடிவை மட்டும் போட்டு உடைத்துவிடாதீர்கள்.