என்விடியா டிரைவரைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கிறது: எப்படி நிறுத்துவது?

கேள்வி:
என் மடிக்கணினியில் இன்டெல், என்விடியா என இரண்டு கிராஃபிக்ஸ் சிப்புகள் உள்ளன. உபுண்டு 22.04 நிறுவியபோது மூன்றாம் தரப்பு டிரைவர்களையும் சேர்க்கும்படி டிக் செய்துவிட்டேன். அன்றிலிருந்து, என்விடியா டிரைவருக்குப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் டெர்மினலில் ஊதா நிறத் திரை தோன்றி, செக்யூர் பூட்டுக்காக (நம்பகமான கையொப்பமில்லாத மென்பொருள் கணினி தொடங்கும்போது ஏறாமல் தடுக்கும் ஏற்பாடு) ஒரு கடவுச்சொல் கேட்கிறது. கொடுத்துவிட்டு ரீபூட் செய்தாலும், அடுத்த முறை மறுபடியும் அதே திரைதான். டிரைவரை ஹோல்டில் போட்டுவிட்டால், அதாவது புதுப்பிக்காமல் நிறுத்திவைத்தால், போதுமா?

பதில் 1:
நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல் ஒரே ஒரு முறை பயன்படுவதற்கானது. டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியிலேயே என்விடியா மாட்யூலை (டிரைவரில் கெர்னலோடு, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவோடு, இணையும் பகுதி) கட்டி, அங்கேயே உருவாக்கிய சாவியால் அதில் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை நம்பலாம் என்று ஃபர்ம்வேர் நிலையில் நீங்கள் பதிவு செய்ய வேண்டும். அதற்காக ரீபூட்டின்போது ஒரு நீலத் திரை வரும். 10 விநாடிக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே' (சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்த நேரத்தில் தேநீர் போடப் போய்விட்டால் சாவி பதிவாகாது, கேள்வியும் ஓயாது.

ஹோல்ட் இதற்கு மருந்தல்ல. கெர்னல் புதிதாக வரும்போது, நிறுத்திவைத்த பழைய டிரைவரையே அதற்கும் கட்டிப்பார்க்க டிகேஎம்எஸ் முயலும்; அது தோற்றால் அப்டேட்டே பாதியில் நிற்கக்கூடும்.

பதில் 2:
பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பதில் 3:
ஒரு கேள்வியைத் தவிர்ப்பதற்காகப் பாதுகாப்பு ஏற்பாடு முழுவதையும் அணைப்பது எனக்கு உவப்பில்லை. உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனமே கையொப்பமிட்டுத் தரும் மாட்யூல்கள் உபுண்டுவின் களஞ்சியத்தில் இருப்பதால், உங்கள் சாவிக்கே தேவையில்லை. உங்களிடம் இருப்பது 535 டிரைவர் என்றால், முதலில் 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா-535-ஜெனரிக்' பொதியை நிறுவி, அதன் பிறகே 'என்விடியா-டிகேஎம்எஸ்-535' பொதியை நீக்குங்கள். வரிசையை மாற்றினால் டிரைவரும் சேர்ந்தே கழன்றுவிடலாம். ஹெச்டபிள்யூஇ கெர்னலில் (புதிய வன்பொருளுக்காக உபுண்டு தரும் புதிய கெர்னல் வரிசை) இருப்பவர்களுக்குப் பொதியின் பெயர் 'ஜெனரிக்-ஹெச்டபிள்யூஇ-22.04' என்று முடியும். நீக்கும் கட்டளையை முதலில் '-எஸ்' சேர்த்து ஒத்திகையாக ஓட்டி, எவையெல்லாம் போகப்போகின்றன என்பதைப் படித்துப்பாருங்கள். என்விடியா சிப்பே வேண்டாம் என்றால், 'பிரைம்-செலக்ட் இன்டெல்' கொடுத்து ரீபூட் செய்தால் போதும். டிரைவர் பாட்டுக்கு இருக்கட்டும்.

கேட்டவர்:
நீலத் திரையை நான் பார்த்ததே இல்லை. ரீபூட் கொடுத்துவிட்டு எழுந்து போவதுதான் என் வழக்கம். ஹெச்டபிள்யூஇ பொதியை நிறுவிவிட்டு ஒத்திகை பார்த்ததில், நீக்கப்படும் பட்டியலில் டிகேஎம்எஸ் பொதி மட்டுமே இருந்தது. இப்போது மாட்யூலின் விவரங்களைக் காட்டும் 'மாடின்ஃபோ என்விடியா' கட்டளையைக் கொடுத்தால், கையொப்பமிட்டவர் பெயரில் கெனானிக்கல் என்று வருகிறது. நேற்று வந்த கெர்னல் அப்டேட்டும் எதையும் கேட்காமலே முடிந்தது.