பேச்சில்லாத குறும்படங்களும் கசூரினாக் கரை உள்ளான்களும்: அனிமேஷன் பார்ப்பது நேர விரயமா?

கல்லுண்டாய்ப் பொடியன்:
ஏ.எல். (உயர்தரப்) சோதனை முடிந்து வீட்டில் இருக்கிறேன். இந்த மூன்று மாதத்தில் நாற்பது அனிமேஷன் குறும்படமாவது பார்த்திருப்பேன். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், அவ்வளவுதான் நீளம். பெரும்பாலானவற்றில் பேச்சே இல்லை. "பதினெட்டு வயதில் கார்ட்டூனா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன், மறுக்கிறவர்கள் மறுத்து எழுதுங்கள்.

பிக்சார் 2016இல் எடுத்த 'பைப்பர்', ஆறு நிமிடப் படம். உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையின் குஞ்சு ஒன்று, தாய் ஊட்டும் என்று வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. தாயோ "நீயே தேடித் தின்" என்று கரைக்குக் கூப்பிடுகிறது. முதல் அலையே குஞ்சைப் புரட்டிப் போடுகிறது. அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே வர மறுக்கிறது. கடைசியில், சங்குக்குள் குடியிருக்கும் ஒரு குட்டி நண்டு அலை வரும்போது மணலுக்குள் புதைவதைப் பார்த்துத் தானும் புதைகிறது. அலைக்கு அடியில் கண்ணைத் திறந்து பார்க்கிறது.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்துக் காரைநகரில் இருக்கிற கசூரினாக் கடற்கரைக்குப் போனோம். சின்ன வயதிலிருந்து போகிற இடம். அன்றுதான் அலையின் விளிம்பில் ஓடுகிற சின்னப் பறவைகள் கண்ணில் பட்டன. அலை பின்வாங்க அதற்குப் பின்னால் ஓடிக் கொத்துகின்றன, அடுத்த அலை வர, கால் நனையாமல் திரும்பி ஓடி வருகின்றன. ஒவ்வொரு வருடமும் அவை அங்கே இருந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை. பார்க்க வைத்தது அந்தக் கார்ட்டூன்.

நல்லூர் அப்பா:
தம்பி, உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. என் மகளுக்கு ஏழு வயது. ஒரு படம் முடிய அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். ஒரு மணித்தியாலத்தில் ஒன்பது படம் பார்ப்பாள். என்ன பார்த்தாய் என்று கேட்டால் பறவை, விளக்கு, கிழவர் என்று எல்லாம் கலந்து வரும். மழை விட்ட பிறகு கிணற்றடி வாய்க்காலில் வாற்பேத்தைகள் நெளிகின்றன, வந்து பார் என்றால் தலை நிமிராது.

நாங்கள் திரை இல்லாமல்தான் வளர்ந்தோம். தொண்ணூறுகளில் போர், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பேட்டரி வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்துப் பாட்டுக் கேட்டோம். கை களைத்தால் பாடகரின் குரலும் இழுபடும். ஏன் என்று பெரியண்ணாவிடம் கேட்டேன். அவர் டைனமோவைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு காந்தம், பக்கத்தில் சுற்றிய செம்புக் கம்பி. காந்தம் சுழன்றால் கம்பியில் மின்சாரம் வரும். அந்தக் கறுப்பு எண்ணெய் பிசுபிசுத்த கையோடு கற்றது இன்னும் மறக்கவில்லை. எங்கள் அறிவு தேவையில் பிறந்தது தம்பி.

சுன்னாகம் விஞ்ஞான மாஸ்ரர்:
'பைப்பர்' படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பிழை சொல்லிக் கொடுக்கிறது. அந்த உள்ளானின் குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவதில்லை. பொரித்து இறகு காய்ந்த கையோடு அவை தாமாகவே கொத்தித் தின்னத் தொடங்கிவிடும். அலையோடு ஓடும் அந்த வெளிறிய உள்ளான் முட்டையிடுவது ஆர்க்டிக் வட்டாரத்தில், கடற்கரை மணலிலும் அல்ல, தூந்திரம் எனப்படும் மரமில்லாத குளிர்நிலத் தரையில். நம் கரைக்குக் குளிர்காலம் கழிக்க வருகிறது. பறக்க முடிந்த பறவைதான் இங்கே வந்து சேரும், தாய் பின்னால் நிற்கும் குஞ்சு அல்ல. அழகான பொய்யை ஆறு நிமிடத்தில் பிள்ளையின் மனதில் பதித்துவிட்டால், எடுக்க ஆறு வருடம் போகும்.

தம்பி உண்மையிலேயே பார்க்கிற ஆள் என்றால் அடுத்த முறை பறவையை விட்டு அதன் காலடியைப் பார்க்கட்டும்.

கொடிகாமம் அக்கா:
சிறுவர் படம் என்ற எண்ணத்திலேயே எல்லோரும் கதைக்கிறீர்கள். மைக்கேல் டுடோக் டி விட் 2000இல் எடுத்த 'ஃபாதர் அண்ட் டோட்டர்', எட்டு நிமிடம், ஒரு சொல் இல்லை. அப்பாவும் சின்ன மகளும் சைக்கிளில் ஒரு அணைக்கட்டுக்கு வருகிறார்கள். அப்பா படகில் ஏறித் துடுப்புப் போட்டுப் போகிறார். திரும்பி வரவில்லை. மகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். திரும்பத் திரும்ப வருகிறாள். காலம் மாற சைக்கிளும் மாறுகிறது, அவளும் வளர்கிறாள், காற்றுக்கு எதிராக மிதிக்கிறாள், பிள்ளைகளோடு வருகிறாள், கிழவியாகி வருகிறாள்.

இதை அம்மாவோடு இருந்து பார்த்தேன். என் மாமா தொண்ணூறுகளில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போனவர், வீடு திரும்பவில்லை. அவருடைய சைக்கிளை அம்மம்மா கண் மூடும் வரை விறாந்தையில் வைத்துத் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். யாரும் அதை ஓட்டியதில்லை. படம் முடிந்ததும் அம்மா எழுந்து விறாந்தைக்குப் போய், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். பிறகு மாமாவைப் பற்றி நான் இதுவரை கேட்டிராத கதைகளைச் சொன்னார். ஒல்லாந்துக்காரர் ஒருவர் வரைந்த சைக்கிள் எங்கள் வீட்டில் வாய் திறக்க வைத்தது. இதைக் குழந்தைப் பிள்ளைச் சரக்கு என்று தள்ள முடியுமா?

கல்லுண்டாய்ப் பொடியன்:
அக்கா, அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். இனிமேல் வேறு மாதிரித்தான் பார்ப்பேன்.

மாஸ்ரர் சொன்னபடி சனிக்கிழமை விடியக் கசூரினாவுக்குப் போனேன். ஈர மணலில் குந்தியிருந்து பார்த்தேன். காகத்தின் தடத்தில் முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. உள்ளானின் தடத்தில் முன் மூன்று மட்டும், பின்னால் ஒன்றுமே இல்லை. அலை வந்து அழிக்கும் முன் பத்துப் பன்னிரண்டு தடம் பார்த்தேன், எல்லாம் அப்படித்தான். அந்த உள்ளானுக்குப் பின்விரலே கிடையாது என்று பிறகு வாசித்து உறுதி செய்தேன். படத்தில் பிழை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படம் இல்லை என்றால் மாஸ்ரர் பிழை பிடித்திருக்க மாட்டார், நானும் மணலில் குந்தியிருக்க மாட்டேன்.

இன்னொன்று. படம் பார்த்துப் பார்த்து எனக்கும் வரைய ஆசை வந்தது. திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். கையால் வரைகிறவர்கள் பல இடங்களில் ஒரே படத்தை இரண்டு சட்டகத்துக்கு வைப்பார்கள், ஆகவே வினாடிக்குப் பன்னிரண்டு படம் போதும். பழைய கணிதக் கொப்பியின் மூலையில் 24 பக்கத்துக்கு ஒரு பல்லி வரைந்தேன். விரலால் தட்டிவிட்டால் இரண்டு வினாடி ஓடும். முதல் தடவை படுபிழை. இடப்பக்கக் கால் இரண்டையும் ஒன்றாகத் தூக்க வைத்திருந்தேன், பல்லி வள்ளம் போல ஆடியது. இரவு விறாந்தை டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் உண்மையான பல்லியைப் பார்த்தேன். முன் வலதுகாலும் பின் இடதுகாலும் ஒன்றாகப் போகின்றன, பிறகு மற்றச் சோடி. 24 பக்கத்தையும் திரும்ப வரைந்தேன். இப்போது நடக்கிறது. பதினெட்டு வருடம் பல்லிகளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சொல்தேடி:
எனக்குக் கவலை மொழி பற்றியது. பேச்சில்லாத படம் பார்த்து வளர்கிற பிள்ளைக்குப் பறவையின் பெயர் எங்கிருந்து வரும்? மேலே நீங்களே "சங்குக்குள் குடியிருக்கும் நண்டு" என்று சுற்றிவளைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கொடிகாமம் அக்கா:
பேச்சில்லாத படத்துக்குப் பேச்சு நாங்கள்தான் கொடுக்க வேண்டும். அம்மாவோடு பார்த்தால் அந்தப் பேச்சு கொடிகாமத் தமிழில் இருக்கும். இங்கிலிசுக் கார்ட்டூனில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

நல்லூர் அப்பா:
தங்கச்சி, நீங்கள் சொன்ன படத்தை நேற்று இரவு பார்த்தேன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத முடியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் என் வாதத்துக்குத்தான் அது பலம் சேர்க்கிறது. எனக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதனால் அந்தச் சைக்கிள் என்னைத் தொட்டது. பிள்ளைக்கு முதலில் சைக்கிள் ஓடத் தெரியட்டும், விழுந்து முழங்கால் உரசட்டும். படம் பிறகு வரட்டும். தம்பி பல்லியைப் பார்த்தது நல்ல விஷயம், ஆனால் அவர் பார்க்கிறவர் மட்டும் அல்ல, வரைகிறவர். எத்தனை பிள்ளைகள் வரைகிறார்கள்? அடுத்த படம் தானாக ஓடுவதை நிறுத்தி வைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போது. அதற்கு மேல் நான் இறங்கி வரமாட்டேன்.

சுன்னாகம் விஞ்ஞான மாஸ்ரர்:
பின்விரல் விஷயத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாயே தம்பி, எனக்குப் பெரிய சந்தோஷம். அப்படியே இன்னொன்றையும் யோசி. யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கிற கீரிமலைக் கேணிக்குச் சில எட்டுத் தூரத்தில் கடல். கேணிக்குள் எப்படி நல்ல தண்ணீர் ஊறுகிறது? முப்பது வருடமாக வகுப்பில் இதைக் கேட்கிறேன். "புனிதத் தீர்த்தம், அதனால்தான்" என்பதற்கு அப்பால் போகிற பிள்ளைகள் குறைவு. இதற்கு ஒரு கார்ட்டூனும் இல்லை.

கல்லுண்டாய்ப் பொடியன்:
இல்லை என்றால் நான் வரைகிறேன் சேர். ஒரு மழைத்துளி. மார்கழி மாதம் ஒரு வெங்காயத் தோட்டத்தில் விழுகிறது. செம்மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்குள் வழுக்கி, இருட்டுக்குள் ஓடி, கடைசியில் கீரிமலையில் குளிக்கிற ஒரு பெடியனின் முதுகுக்குக் கீழே வெளிச்சத்துக்கு வருகிறது. நாற்பது வினாடி. 480 படம். கொப்பி போதாது, தாள் வாங்க வேண்டும். அடியில் கடல்நீர் இருப்பதை எப்படிக் காட்டுவது என்பதுதான் பிடிபடவில்லை.

சுன்னாகம் விஞ்ஞான மாஸ்ரர்:
நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். அதை முதலில் நேரில் போய்ப் பார். வரையும்போது இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டுப் பிரிக்காதே. அங்கே கோடு கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உப்பு ஏறும். பென்சிலை விரலால் தேய்த்து விடு.