இறங்கிட்டாகளாம் ஆச்சி!

பதிவைத் தொடங்கியவர்: கானாடுகாத்தான், மளிகைக் கடை

எங்கள் தெருவில் இருந்த விமானி, கேப்டன் ஐயா, 2023 ஆவணியில் காலமானார். பதினொரு மாதம் கழித்து, ஆடியில் அவர் மனைவி ஆச்சியும் போய்விட்டார்கள். ஐயாவின் கேதத்துக்குச் சென்னையிலிருந்து பழைய விமானிகள் எட்டுப் பேர் வேன் பிடித்து வந்தார்கள். அவருடைய லாக் புக்கை முகப்பில் ஒரு ஸ்டூலில் வைத்திருந்தோம். பதினெட்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்த கணக்கு அதில் இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் புரட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆச்சியின் கேதத்துக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் தகவல் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அது ஒரு வருடமாக மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. ஆச்சிக்குத் தலைத்திவசம் (முதல் வருடத் திதி) வருகிறது. அதற்குள் விமானிகளோடும் அவர்கள் வீட்டுப் பெண்களோடும் நேரில் பழகியவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் நானே எழுதிவிடுகிறேன்.

ஐயா 1972-ல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. எங்கள் ஊரில் அதற்குக் காரணம் உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்த ஊர்க்காரர். 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் வங்கியைத் திறந்த மனிதர். 1954 மார்ச் 13-ல் சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் விமானம் இறங்கும்போது நடந்த விபத்தில் இறந்துபோனார். ஐயாவின் ஆத்தாளுக்கு அந்த நினைப்பு அடங்கவே இல்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போவதென்றால் கப்பலில் போ, அதுவும் வேண்டாமென்றால் வங்கியில் உட்கார் என்று சொல்லிப் பார்த்தார்களாம்.

கல்யாணமான முதல் சில வருடம் ஆச்சி இங்கேதான் மாமியாரோடு இருந்தார்கள். ஐயா சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். தெருவிலேயே எங்கள் அப்பா கடையில் மட்டும்தான் தொலைபேசி. வாரத்தில் ஒன்றிரண்டு ட்ரங்க் கால் வரும். மற்ற நாளெல்லாம் தபால் கார்டுதான். கால் வந்தால் ஓடிப்போய்ச் சொல்வது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. முகப்பைத் தாண்டி, பட்டாலையைத் தாண்டி, உள்முற்றமான வளவில் நின்றுகொண்டு "இறங்கிட்டாகளாம் ஆச்சி!" என்று கத்துவேன். எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று ஆச்சி கேட்பார்கள். கையில் ஒரு சீப்புச் சீடையோ கந்தரப்பமோ வந்துவிடும். அதைத் தின்றுகொண்டே பார்ப்பேன். ஆச்சி ஆல்வீட்டு அறைக்குள் போய் எதையோ எழுதிவிட்டு வருவார்கள். மளிகைக் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

1976 அக்டோபர் 12. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. பம்பாயிலிருந்து சென்னைக்கு ராத்திரி கிளம்பிய காரவெல் விமானம், எஞ்சின் பழுதாகித் தீப்பிடித்துத் திரும்பும்போது விழுந்து நொறுங்கியது. 95 பேரும் இறந்துபோனார்கள். ரேடியோவில் செய்தி கேட்டுத் தெருவே எங்கள் கடை முன்னால் கூடிவிட்டது. என்னை அப்பா அனுப்பவில்லை. என்ன சொல்லி அனுப்புவார்?

ஆச்சியே வந்தார்கள். அந்த வீட்டு மருமகள் கடைப்படி ஏறி நாங்கள் பார்த்ததே கிடையாது. ஐயா அப்போது ஓட்டியது ஆவ்ரோ, காரவெல் இல்லை. எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, ஆச்சிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வேறு ஊரில் வேலை முடித்த விமானி பயணியாக ஏறி வருவதும் உண்டு. அதுவும் அவர்களுக்குத் தெரியும். துவரம்பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டார், உட்காரவில்லை. மத்தியானம் இரண்டரைக்கு மணி அடித்தது. ஹைதராபாத்திலிருந்து ஐயா. ஆச்சி ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார்கள். "சரி" என்றார்கள். இன்னொரு தடவை "சரி". வைத்துவிட்டார்கள். அப்புறம்தான் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்தார்கள். அப்பா கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். குடிக்க முடியாமல் கண்ணாடித் தம்ளர் பல்லில் இடிக்கிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அன்றைக்கு எழுதியதைப் போன ஆடியில்தான் பார்த்தேன். கேதம் முடிந்து பெட்டகத்தைத் திறந்தபோது, சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகள் பதினொன்று. எல்லாப் பக்கத்திலும் தலையில் 'சிவமயம்'. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. ஐயா கிளம்பிப்போனால் பற்றில் தேதியும் ஊரும். இறங்கின செய்தி வந்தால் வரவில் ஒரு வரி, செய்தி எப்படி வந்தது என்பதோடு: 'கார்டு', 'தந்தி', 'கடைப் பையன் சொன்னது'. கடைப் பையன் நான்தான். முப்பது நாற்பது இடத்தில் இருக்கிறேன்.

1976 அக்டோபர் 12 பக்கத்தில் வரவு: 'ஹைதராபாத். கடையில் நேரில் பேசினது.' அதற்குக் கீழே பென்சிலில்: 'அந்த விமானத்து வீட்டுப் பெண்களுக்காகப் பிள்ளையார்பட்டியில் விளக்கு.' அதற்கடுத்து ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் அந்த விளக்கு வரி வருகிறது. சென்னைக்குக் குடிபோன பிறகு மயிலாப்பூர் என்று கோயில் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

ஐயா 2003-ல் ஓய்வு பெற்றார். அன்றைக்கு ஆச்சி ஐந்தொகை, அதாவது கடைசி மொத்தக் கணக்கு, போட்டிருக்கிறார்கள். போனது 4,312. வந்தது 4,312. நேர். பக்கத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. அதற்கப்புறம் எழுதவில்லை.

காரைக்குடி, கார் ஓட்டுநர்

ஐயாவையும் ஆச்சியையும் பத்து வருடம் திருச்சி ஏர்போர்ட்டுக்கும் மதுரை ஏர்போர்ட்டுக்கும் கூட்டிப்போனவன் நான். இரண்டுமே இங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் வேகத்தைக் குறைப்பதற்கு முன்னாலேயே "வளைவு வருது" என்பார் ஐயா. ஆச்சி, "அவுகதானே ஓட்டுறாக, சும்மா இருங்க" என்பார்கள்.

கோட்டையூரைத் தாண்டும்போதெல்லாம் அந்த ஊர்க்காரரான அழகப்பரைப் பற்றி ஐயா பேசுவார். வள்ளல் அழகப்பச் செட்டியார் என்றால் நமக்குக் கல்லூரியும் சிக்ரி ஆராய்ச்சி நிலையமும்தான் தெரியும். அவர் லண்டன் பக்கத்துக் குராய்டனில் விமானம் ஓட்டப் பழகி உரிமம் வாங்கியவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமானக் கம்பெனியே நடத்தியவர் என்பது ஐயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "48 வயசுக்குள்ள இவ்வளவும் பண்ணிட்டுப் போயிட்டாருப்பா" என்பார். 1909-ல் பிறந்து 1957-ல் போனவர்.

ஒருநாள் செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் நிறுத்தச் சொன்னார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கேதான் இருக்கிறது. வெயில் நேரம். கீழே குனிந்து கொஞ்சம் செம்மண்ணை எடுத்து உதிரவிட்டுக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். அப்புறம் ஆச்சியைக் கூப்பிட்டு, "இந்தப் பக்கத்திலருந்துதான் இறங்கணும்" என்று கையால் கோடு போட்டுக் காட்டினார். ஆச்சி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டார்கள். இருபது நிமிஷம் இருக்கும். ஐயா போன பிறகு ஆச்சி ஒருதடவை தனியாக மதுரைக்கு வந்தார்கள். அந்த இடம் வந்ததும் வண்டியை மெதுவாக விட்டேன். "நிறுத்த வேண்டாம்ப்பா" என்றார்கள்.

கோயம்புத்தூர், முன்னாள் விமானப் பணிப்பெண் (பிறந்தது பள்ளத்தூர்)

இந்த கேப்டனோடு பறந்திருக்கிறேன். படித்ததும் ஆள் தெரிந்துவிட்டது, சீடை டப்பாதான் அடையாளம். கேப்டனும் துணை விமானியும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது என்பது வழக்கம். ஒன்றில் கோளாறு இருந்தால் இரண்டு பேரும் படுத்துவிடக் கூடாதே. அதனால் வீட்டுப் பலகாரத்தைக் காக்பிட்டில் பிரிக்கவே மாட்டார். டப்பாவை எங்களிடம் கொடுத்து, "வீட்டுல உங்களுக்குன்னுதான் குடுத்துவிட்டாக" என்பார். போர்ட் பிளேர் போய் வருகிற நாளில் டப்பா பெரிதாக இருக்கும்.

ஒருமுறை டப்பாவுக்குள் சின்னச் சீட்டு ஒன்று கிடந்தது. 'புது ஆள் ஒருத்தர் சேர்ந்திருக்காகளாம், அவுகளுக்கும் குடுங்க.' அந்தப் புது ஆள் நான். ஆச்சியை நான் நேரில் பார்த்ததே இல்லை. 2024 ஆடியில் இறந்துபோனார்கள் என்பதை இங்கேதான் தெரிந்துகொள்கிறேன். தலைத்திவசம் என்றைக்கு என்று சொல்லுங்கள், கட்டாயம் வருகிறேன்.

தேவகோட்டை, விமானியின் மனைவி

இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. என் வீட்டுக்காரரும் விமானிதான். போய் ஆறு வருடம் ஆகிறது.

அவர் இருந்தவரை பழைய விமானிகள் ஒன்றுகூடுகிற விருந்துக்கு வருடாவருடம் அழைப்பு வரும், கேப்டன் அண்ட் மிஸஸ் என்று போட்டு. அவர் இறந்த வருடம் மலர்வளையம் வந்தது. அடுத்த வருடம் அழைப்பு வரவில்லை. ஒருவேளை தபாலில் தவறியிருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த வருடமும் வரவில்லை. இருபத்தைந்து வருடம் அதே முகங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவர்கள் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது நான் போய் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டு ஆண்கள் எல்லாரும் ஆகாயத்தில் இருந்ததால்.

நம் நகரத்தார் கோயில்களின் குடும்பக் கணக்கில் கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. அரை என்பது ஒரு காலத்தில் எனக்கு மனக்கஷ்டமாக இருந்தது. இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. அரையாகவாவது கணக்கில் வைத்திருக்கிறார்கள், பெயரை அடிக்கவில்லை. வெளிநாடுகளில் ஓய்வு பெற்ற விமானிகளின் சங்கச் செய்திமடல்களைப் பார்த்திருக்கிறேன். இறந்த விமானிகள் பட்டியலிலேயே இறந்த மனைவிமார் பெயரும் வருகிறது. நம்மிடமும் அப்படி ஒன்று வேண்டும். யாராவது தொடங்கினால் பெயர்களை எழுதித்தருகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு நினைவிருப்பதே பதினேழு பேர்.

புதுவயல், இளம் விமானி

எனக்கு உரிமம் கிடைத்ததும் ஐயாவிடம் ஆசி வாங்கப் போனேன். லாக் புக்கை அன்றன்றைக்கே எழுதிவிடு, நாளைக்கு என்று வைக்காதே என்றார். விமானி ஒருவர் இறந்தால் 'மேற்கே பறந்துவிட்டார்' என்று சொல்லும் வழக்கம் உலகமெங்கும் எங்களிடம் உண்டு. ஐயா மறைந்த அன்று நானும் அப்படித்தான் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினேன். ஆச்சிக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருக்கவேண்டும்.

ஆசி வாங்கப் போன அன்றைக்கு வாசல்வரை வழியனுப்ப வந்த ஆச்சி என்னிடம் ஒன்று சொன்னார்கள்: "இறங்கினதும் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிரு தம்பி. நேரமாச்சுன்னா நேரமாச்சுன்னு சொல்லு." இப்போது விமானம் நின்றதும் முதலில் வாட்ஸப்பில் மனைவிக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கும்.

ஆச்சியின் அண்ணன் மகள், சென்னை

அயித்தையைப் பற்றி இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எங்கள் வகையறாவில் படைப்பு என்றால் முன்னோருக்கு வேட்டி, சேலை இரண்டும் வைத்துத்தான் கும்பிடுவோம். ஆனால் இந்தப் பேரேடுகளை என்ன செய்வது என்றே தெரியாமல் இருந்தோம். பழைய பேப்பரோடு போட்டுவிடலாம் என்றுகூட வீட்டில் ஒரு பேச்சு வந்தது. அது நடக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன். ஐயாவின் லாக் புக் இருக்கிற கண்ணாடி அலமாரியிலேயே பதினொன்றும் இருக்கும்.

பதிவைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் பதில் எழுதுகிறேன், கடையில் கூட்டம் குறையட்டும்.

தேவகோட்டை ஆச்சிக்கு: பதினேழு பெயரையும் அனுப்புங்கள். ஐயாவின் கேதத்துக்கு வந்த எட்டுப் பேரில் மூன்று பேர் எண் என்னிடம் இருந்தது, நேற்றே பேசிவிட்டேன். ஒருவர் ஆச்சி போன செய்தி கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "வீட்டுலயும் கூட்டிட்டு வர்றேன்" என்றார். அந்தப் பட்டியலையும் அவரே ஆரம்பிக்கிறாராம். முதல் பெயர் நம் ஆச்சியுடையது.

கோயம்புத்தூர் அம்மாவுக்கு: தேதியை அண்ணன் மகள் தனியாக அனுப்புவார்கள். முதல் நாள் ராத்திரியே வந்துவிடுங்கள், மேல்மாடியில் தங்கிக்கொள்ளலாம். செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், ஆனாலும் காரைக்குடித் தம்பி வண்டி கொண்டுவருவார். பகல் பன்னிரண்டரைக்கு இலை போடுவோம். சீடைக்கு மாவு இடிக்கச் சொல்லியாகிவிட்டது.