“ஆயுள் பரியந்தம் அனுபவித்து…” – மனைவிக்கு எழுதிய உயில்கள், நீலகிரி அனுபவங்கள்

கோத்தகிரி, பத்திர எழுத்தர்

நம்ம பக்கத்துப் பழைய உயில்களில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் இது: “என் மனைவி தன் ஆயுள் பரியந்தம் மேற்படி தேயிலைத் தோட்ட வருமானத்தை அனுபவித்துக்கொள்ள வேண்டியது. விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை. அவள் ஆயுளுக்குப் பின் என் குமாரர்கள் சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைய வேண்டியது.” இதைப் படித்ததும் மகன்கள் “அம்மாவுக்கு இதில் ஒன்றுமில்லை” என்பார்கள். மருமகன்கள் “1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் எல்லாம் அம்மாவுக்குத்தான்” என்பார்கள். ரெண்டுமே அவசர முடிவு.

முதலில் தோட்டம் யாருடையது என்று பாருங்க. சுயார்ஜிதமா (அவரே சம்பாதித்ததா), பூர்வீகமா? பூர்வீகம் என்றால் தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். ஹட்டியில் (படகர் ஊரில்) அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில் கூட்டுப் பட்டா கிடக்கும். ஒருத்தர் மட்டும் முழு சர்வே எண்ணையும் நாலெல்லை போட்டு எழுதியிருப்பார். அவர் பங்குக்கு மேல் போன அளவுக்கு அந்த உயில் செல்லாது.

அடுத்து, எதற்காகக் கொடுக்கிறார் என்று உயிலே சொல்கிறதா பாருங்க. “ஜீவனாம்சத்துக்காக” என்ற ஒரு சொல்லில் வழக்கே திசை மாறும்.

குன்னூர், வழக்கறிஞர்

அண்ணன் சொன்ன அந்தச் சொல்லுக்கு ஏன் அவ்வளவு கனம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 14. இதன் முதல் உட்பிரிவு, இந்துப் பெண் உடைமையாக வைத்திருக்கும் சொத்து அவளுக்கு முழு உரிமை என்கிறது. இரண்டாம் உட்பிரிவு, உயிலோ தானமோ வரையறுத்த உரிமையைத்தான் கொடுத்தது என்றால் அந்த வரையறை நிற்கும் என்கிறது. ஒரே உயிலை வைத்துக்கொண்டு இரு தரப்பும் ஆளுக்கொரு உட்பிரிவைப் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

1977 துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு: பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்த ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகச் சொத்து வந்திருந்தால், பத்திரத்தில் “ஆயுள் வரை” என்று எழுதியிருந்தாலும் அது முழு உரிமையாகிவிடும். பத்திரமே புதிதாக ஓர் உரிமையை உண்டாக்கியிருந்தால்தான் இரண்டாம் உட்பிரிவு. ஆனால் 2006 சாது சிங் வழக்கில், கணவன் தன் சுயார்ஜிதச் சொத்தை ஆயுள் உரிமையாக மட்டும் உயிலில் கொடுத்தால் அந்த வரம்பு நிற்கும் என்றது அதே நீதிமன்றம். 2022 ஜோகி ராம் வழக்கும் அந்த வழியில்தான் போனது. இந்த இழுபறியால் 2024 டிசம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஆகவே “கண்டிப்பா ஜெயிக்கும்” என்று சொல்லிக் கட்டணம் வாங்குபவரிடம் போகாதீங்க.

உயில் செல்லுமா என்பது தனிக் கேள்வி. சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். நீதிமன்றத்தில் நிரூபிக்க, உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். பதிவு கட்டாயமில்லை, பதிவு செய்ததாலேயே சந்தேகம் தீர்ந்துவிடவும் செய்யாது.

உதகை, வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர்

வில்லங்கச் சான்றில் உயில் இல்லை என்று நிம்மதியாகிவிடாதீங்க. பதிவான உயில், உயில்களுக்கான 3ஆம் புத்தகத்தில் ஏறும், வில்லங்கத்தில் வராது. எழுதியவர் இறந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் விண்ணப்பித்தாலும் நகல் கிடைக்கும்.

பட்டா மாறுதலுக்கு அசல் உயில், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுங்க. ஒரு வாரிசு ஆட்சேபித்தால் தாசில்தார் பெரும்பாலும் சிவில் நீதிமன்றம் போகச் சொல்லிவிடுவார். பட்டாவில் அம்மா பெயர் ஏறியதும் முழு உரிமை வந்துவிட்டதாக நினைத்து விற்பதுதான் பெரிய தப்பு. வெறும் ஆயுள் உரிமையை வாங்கியவருக்கு, அம்மா கண்ணை மூடும் நாளோடு அது முடிந்தது. மகன்கள் அந்த நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். தோட்டத்தை வாங்கியவர் அதற்கு முன் எத்தனை வருஷம் அனுபவித்திருந்தாலும் கணக்கில் வராது.

விற்றே ஆகவேண்டிய நிலை என்றால் அம்மாவும் பின்னால் அடைய வேண்டியவர்களும் ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும். அவர்களில் மைனர் இருந்து, அவர் பங்கும் விற்பனையில் சேர்ந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் நகராதீங்க.

கூடலூர்

ஒன்று விட்டுப் போச்சு சார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பட்டியல் பழங்குடியினர். பிரிவு 2(2)படி, மத்திய அரசு அறிவிக்கை இல்லாமல் 1956 சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. அந்த வீட்டு அம்மாவுக்குத் துளசம்மா தீர்ப்பைக் காட்டி நம்பிக்கை கொடுப்பது பெரிய பாவம். அங்கே வழக்கம் என்ன என்று நிரூபிக்க வேண்டும். படகர்கள் அந்தப் பட்டியலில் இல்லாததால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கோத்தகிரி, பத்திர எழுத்தர்

சரியாச் சொன்னீங்க. புதிதாக எழுதுபவர்களுக்கு ஒன்று. மனைவிக்கே முழுசாகப் போகணும் என்றால் “தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்” (தானம், பரிமாற்றம், விற்பனை எதுவும் செய்யும் முழு உரிமையோடு) என்று எழுதி அங்கேயே நிறுத்துங்க. அதற்குக் கீழே “அவள் காலத்துக்குப் பின் மகன்களுக்கு” என்று ஒரு வரி ஒட்டினால் முப்பது வருஷ வழக்கைக் கையில் கொடுத்த மாதிரி. 2002 மவுலேஷ்வர் மணி வழக்கில், முழு உரிமை கொடுத்த பிறகு சேர்த்த அப்படிப்பட்ட வரி செல்லாது என்றே முடிந்தது. அதற்குள் ஒரு தலைமுறை போயிருக்கும்.

அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை என்றால் அவரும் உடனே ஓர் உயில் எழுதி வைக்கட்டும். எழுதாமல் போனால் கணவர் வழி வந்த தோட்டம், பிரிவு 15படி, தாய் தகப்பனுக்கு முன்னால் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும்.